ஆட்டுக்குட்டிக்காக எழுந்து வந்த காவல் நிலையம்

உப்போடை காவல் நிலையம் முதல்முதலாக எழுந்து நடந்தது ஒரு புரட்டாசி மத்தியானத்தில். ஊரே சாப்பிட்டு முடித்துக் கையில் ஃபோனோடு சாய்ந்து கிடக்கிற நேரத்தில், தெருவில் தண்ணீர் தேங்கினால் வேட்டியைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொள்வோமே, அப்படி அது தன் அஸ்திவாரத்தைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டு, கொடிக்கம்பத்தையும் வயர்லெஸ் டவரையும் லாக்கப்பில் தூங்கிக்கொண்டிருந்த சைக்கிள் திருடனையும் சேர்த்தே எடுத்துக்கொண்டு, பஜார் வழியாக யார்மேலும் இடிக்காமல் நடந்து, தபால் ஆபீஸ் முக்கில் மினி பஸ்ஸுக்கு நின்று வழிவிட்டு, ஆசிரியர் காலனியில் ஓய்வுபெற்ற தாசில்தார் வீட்டு வாசலில் போய் உட்கார்ந்தது. தாசில்தாரின் மனைவி கதவைத் திறந்து பார்த்து, கோலத்தை மிதித்துவிட்டதே என்று மட்டும் சொன்னார்.

அந்த வீட்டு மதில்மேல் இருந்த குரோட்டன்ஸ் தொட்டிகளை யாரோ தூக்கிப் போயிருந்தார்கள். தாசில்தார் அதற்கு முறையாக மனு கொடுத்து, முறையாக நடையாய் நடந்து, முறையாக அலுத்தும் போயிருந்தார். அவருடைய பேரன் விடுமுறைக்கு வந்தவன், தாத்தா வெறும் மதிலைத் தடவிப் பார்த்துக் கண்கலங்குவதை ஃபோனில் எடுத்துப் போட்டுவிட்டான், அது எங்கெங்கோ போய் லட்சக்கணக்கான பேர் பார்த்து, உப்போடை போலீஸ் தூங்குகிறதா என்று துபாயிலிருந்தும் திருப்பூரிலிருந்தும் கேட்டார்கள். இன்ஸ்பெக்டர் தனுஷ்கோடி உண்மையிலேயே அப்போது நாற்காலியில் தூங்கிக்கொண்டுதான் இருந்தார். விழித்து ஜன்னல் வழியாகப் பார்த்தவர், எதிரே இருக்க வேண்டிய வங்கிக்குப் பதிலாகத் தாசில்தாரின் மதில் இருப்பதைக் கண்டு, தலைசுற்றல் மாத்திரை ஒன்றைப் போட்டுக்கொண்டு, "தொட்டி எத்தனைன்னு கேளுய்யா" என்றார். பொழுது சாய்வதற்குள் தொட்டிகள் வந்துவிட்டன, களவு போனதைவிட இரண்டு கூடுதலாக.

கட்டடம் நடந்ததைப் பற்றி நாங்கள் பேசியது கொஞ்சம்தான், அது எங்கே போய் நிற்கும் என்பதைப் பற்றித்தான் அதிகம் பேசினோம். சீக்கிரமே பிடிபட்டுவிட்டது. எந்தப் புகாரை அதிகம் பேர் ஃபோனில் பார்க்கிறார்களோ அந்தப் புகார்க்காரர் வாசலுக்கு ஸ்டேஷன் தானாக வரும், அதைவிட அதிகம் பேர் வேறொன்றைப் பார்க்கத் தொடங்கினால் எழுந்து அங்கே போகும், அவ்வளவுதான் சங்கதி. டீக்கடைக்காரர் அடுப்புக்குச் சக்கரம் வைத்துக்கொண்டு அதன் பின்னாலேயே தள்ளிப் போனார். மின்வாரியத்தார் கொஞ்ச காலம் வயரை அவிழ்ப்பதும் கட்டுவதுமாகத் திண்டாடிவிட்டு, கடைசியில் நீளமான வயர் ஒன்றைப் போட்டுவிட்டு ஒதுங்கிக்கொண்டார்கள். பொதுப்பணித் துறையிலிருந்து ஒரு பொறியாளர் வந்து, நீளம் அகலம் எல்லாம் அளந்து, கட்டடம் நடக்கக்கூடாது என்று விதியில் எங்கும் இல்லை என்று சொல்லி, டீ குடித்துவிட்டுப் போனார். பழைய இடத்தில், ஜப்தி செய்த லாரிகளுக்கும் பைக்குகளுக்கும் நடுவே விழுந்த வெற்றுத் தரையில் பெண்கள் வற்றல் காயப் போட்டார்கள். போலீஸ் இடத்தில் காய்ந்த வற்றலைக் காக்கைகூடத் தொடவில்லை என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டார்கள்.

"அண்ணாச்சி, ஸ்டேஷன் இன்னைக்கு எங்கன நிக்கி?"

"மேலத் தெருவுல. பால்காரர் வண்டி சீட்ட எவனோ பிளேடால கிழிச்சிட்டானாம்."

ஆட்டோக்காரர்கள் இப்படிப் பேசிக்கொண்டதில் எங்களுக்கு ஒரு விசித்திரமும் தெரியவில்லை. தெரியாமல் போனது வேறொன்று. இது நல்லதா கெட்டதா என்று எங்களால் ஒரு முடிவுக்கு வர முடியவில்லை. முன்பெல்லாம் ஸ்டேஷன் ஒரே இடத்தில் இருந்தது, நாங்கள் போய் நின்றோம், நாளைக்கு வா என்றார்கள், நாளைக்குப் போனோம். இப்போது அதுவே வாசலுக்கு வந்து என்ன வேண்டும் என்று கேட்கிறது. ஆனால் பால்காரரின் சீட்டுக்கு வந்த ஸ்டேஷன், அதே மேலத் தெருவில் அதே வாரம் மண்டை உடைந்து கட்டுப் போட்டுக்கொண்டு நின்ற தேங்காய் வெட்டுகிறவரை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தது. அவரும் ஸ்டேஷனைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு அது எழுந்து போய்விட்டது. இதை என்னவென்று எடுத்துக்கொள்வது? சந்தோஷப்படத் தொடங்கினால் பாதியில் நின்றுவிடுகிறது, கோபப்படத் தொடங்கினாலும் அப்படியே. நாங்கள் அப்போது பொதுவாகவே மண்டை குழம்பித்தான் திரிந்தோம்.

குழம்பாத ஒரே ஆள் மனு எழுதும் பொன்னுலிங்கம். ஸ்டேஷன் வாசலில் ஒரு ஸ்டூலைப் போட்டு, 'மேற்படி எதிரியானவர் மேற்படி இடத்தில்' என்று காலமெல்லாம் எழுதிக் காலம் தள்ளியவர், ஸ்டேஷன் நடக்கத் தொடங்கிய வாரத்திலேயே பேனாவை மூடிவிட்டு ஃபோனுக்கு ஒரு கம்பு வாங்கினார். புதிதாகப் போர்டும் எழுதி மாட்டினார்: 'இங்கு புகார் வீடியோ நல்ல முறையில் எடுத்துத் தரப்படும்.' யார் எங்கே உட்கார வேண்டும், எந்தச் சேலை கட்ட வேண்டும், எந்த இடத்தில் குரல் உடைய வேண்டும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. "கண்ணத் தொடைக்காதீங்க, அது பாட்டுக்கு வழியட்டும். தொடச்சீங்கன்னா துக்கம் முடிஞ்சிட்டுன்னு ஜனங்க அடுத்ததுக்குப் போயிருவாங்க" என்பார். அவர் எடுத்த வீடியோ ஒன்றால், கல்யாண மண்டபத்தில் மொத்தமாகக் களவு போன செருப்புகளுக்காக ஸ்டேஷன் மண்டப வாசலில் போய் உட்கார்ந்திருந்த நாளில்தான், சண்முகக்கனி அங்கே புகார் சொல்ல வந்தாள்.

சண்முகக்கனியை எங்களுக்கெல்லாம் தெரியும், அவள் மாவை உளுந்து கொஞ்சம் கூடுதல் என்று குறை சொல்லிக்கொண்டே வாங்கித் தின்கிறவர்கள் நாங்கள். வண்ணார்பேட்டைச் சந்தில் கிரைண்டர் ஒன்றைப் போட்டு இட்லி மாவு அரைத்து விற்கிறாள். வீட்டுக்காரர் காலமாகிவிட்டார், இருப்பது இசக்கித்தாய் என்று ஒரே மகள். அந்தப் பெண் பன்னிரண்டாவது முடித்துவிட்டு, மேற்கே பஸ் மாறிப் போகிற தூரத்தில் ஒரு நூல் மில்லில், அங்கேயே விடுதியில் தங்கி வேலை பார்த்தாள். தினமும் ஷிப்ட் முடிந்ததும் ஃபோன் பேசுகிறவள் திடீரென்று பேசவில்லை. சண்முகக்கனி மில்லுக்குக் கூப்பிட்டுக் கேட்டதற்கு, உங்கள் மகள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டுப் பையோடு ஊருக்குப் புறப்பட்டாளே, இன்னுமா வரவில்லை என்றார்கள். வரவில்லை. அந்த ஊர் போலீஸில் கேட்டால், சொந்த ஊரில் கொடுங்கள் என்றார்கள். ஆகவே செருப்பில்லாமல் நிற்கிற கல்யாணக் கூட்டத்துக்குள் புகுந்து, சண்முகக்கனி ஸ்டேஷன் படியேறினாள்.

ரைட்டர் நிமிர்ந்து பார்த்து, "புள்ள எந்த லிமிட்டுல காணாமப் போச்சு?" என்று கேட்டார்.

"தெரியலியே சார்."

"மில்லுகிட்டயே காணாமப் போயிருந்தா அது அவங்க லிமிட். நடுவழியில எறங்கியிருந்தா அது யார் லிமிட்டோ. இங்க வந்து எறங்குன பெறவு காணாமப் போயிருந்தாத்தான் நாங்க பாக்க முடியும். எறங்குச்சா?"

"எறங்குனாளா இல்லியான்னு தெரிஞ்சா நான் எதுக்கு சார் இங்க வாரேன்? காணாமப் போறவ, நான் இன்ன எடத்துல காணாமப் போறேன்னு சொல்லிட்டா போவா?"

ரைட்டருக்கும் குழப்பமாகத்தான் இருந்தது. பேனாவை எடுத்தார், வைத்தார். இன்ஸ்பெக்டர் தனுஷ்கோடி உள்ளேயிருந்து கூப்பிட்டார். அவரைக் கெட்டவர் என்று சொல்லிவிட்டால் இந்தக் கதை எளிதாக முடிந்துவிடும், ஆனால் அவர் கெட்டவர் இல்லை. ஸ்டேஷன் நடக்கத் தொடங்கியதிலிருந்து அவருக்கு ஒரு வேளைச் சாப்பாடு ஒழுங்காக இறங்கவில்லை, காலையில் கண்விழித்தால் எந்தத் தெருவில் இருப்போம் என்று தெரியாது, மேலதிகாரிகள் ஃபோன் செய்தால் என்ன கேஸ் என்று கேட்பதில்லை, எத்தனை பேர் திட்டியிருக்கிறார்கள் என்று கேட்டார்கள். தன் ஃபோனைச் சண்முகக்கனியிடம் நீட்டிக் காட்டினார். திரை முழுக்கச் செருப்புக்கு நியாயம் கேட்டு ஜனங்கள் கொதித்துக்கொண்டிருந்தார்கள்.

"பாத்தியாம்மா? இத வச்சிக்கிட்டு நான் எங்கிட்டுத் திரும்ப? நீ ஒண்ணு செய்யி. புள்ள படத்தப் போட்டு, காணோம்னு ரெண்டு வார்த்த அழுதுரு. நான் வர வேண்டாம், ஸ்டேஷனே எந்திரிச்சு ஒன் வீட்டுக்கு வந்துரும்."

"வயசுப் பிள்ள படத்த எப்படி சார் ஊர்க்காரன் கையிலயெல்லாம் குடுக்க?"

அவள் சொன்னதற்குக் காரணம் இருந்தது. அதே சந்தில், முன்பொரு பெண் இரண்டு நாள் காணவில்லை என்று பதறிப்போய்ப் படத்தைப் போட்டார்கள். அவள் சொல்லாமல் கொள்ளாமல் சித்தி வீட்டுக்குப் போயிருந்தாள், திரும்பி வந்துவிட்டாள். படம் திரும்பி வரவில்லை. இன்றைக்கும் எங்காவது யாராவது அதைப் பார்த்துவிட்டு, கிடைத்துவிட்டாளா, யாரோடு போனாள், எப்படி இருந்தாள் என்று கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். பெண் பார்க்க வந்தவர்கள் காபியைக் குடித்துக்கொண்டே அந்தப் படத்தை எடுத்து நீட்டினார்கள். இசக்கித்தாய் விடுமுறைக்கு வரும்போதெல்லாம் அந்த அக்காளின் வீட்டைக் கடக்கையில் தலையைக் குனிந்துகொண்டு, "எம்மா, எனக்கு என்ன ஆனாலும் என் போட்டோவ மட்டும் போட்டுராத" என்பாள். சண்முகக்கனி சத்தியம் செய்துகொடுத்திருந்தாள். மகள் கிடைக்க வேண்டும், மகள் கிடைக்கும்போது அவளுடைய முகம் அவளுடையதாகவே இருக்க வேண்டும். இந்த இரண்டில் எதை விடுவது என்று தெரியாமல் அவள் மண்டப வாசலில் அழுதுகொண்டே நின்றாள். செருப்புக் கிடைக்காத கவலை என்று நினைத்து ஒரு பெரியவர் அவளைத் தேற்றினார்.

பொன்னுலிங்கம்தான் விஷயத்தைக் கேட்டறிந்து, யோசித்து, ஒரு வழி சொன்னார். எங்கள் ஊர் ஆளுக்கு மட்டுமே தோன்றக்கூடிய வழி அது. ஸ்டேஷன் வாசலுக்கு வந்துவிட்டால் போதும், வாசலுக்கு வந்த போலீஸிடம் எதை வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளலாம், வருவதற்கு மகள் படம்தான் வேண்டும் என்று யார் சொன்னது?

"தங்கச்சி, ஒனக்கு ஒரு ஆட்டுக்குட்டி இருந்துச்சுன்னு வையி."

"எனக்கு ஏது அண்ணாச்சி ஆட்டுக்குட்டி?"

"வையின்னுதான சொல்லுதேன். வெள்ளக் குட்டி. நெத்தியில கருப்பாப் பொட்டு. காலையில ஒன் சேலத் தலப்பப் பிடிச்சு இழுத்தாத்தான் நீயே எந்திரிப்பே. அதக் காணோம்."

எங்கிருந்தோ ஒரு குட்டியின் படத்தை எடுத்துப் போட்டார். சண்முகக்கனியைக் கிரைண்டர் பக்கத்தில் உட்கார வைத்தார். அழச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை, எந்த இடத்தில் குரல் உடைய வேண்டும் என்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. "சாப்பிட்டியோ என்னமோ தெரியலியே, எங்க கெடக்கியோ தெரியலியே, வந்துரு தாயி" என்று அவள் ஃபோனைப் பார்த்துச் சொன்னபோது, ஆயிரம் அழுகையை எடுத்துத் தழும்பேறிய பொன்னுலிங்கமே ஃபோனை நிறுத்த மறந்துவிட்டார். ஒன்றையும் வெட்டாமல் அப்படியேதான் வீடியோ போயிற்று. ஆட்டுக்குட்டியைத் தாயி என்கிறாளே என்று நாடே உருகியது.

மறுநாள் மத்தியானம் கல்யாண மண்டபத்திலிருந்து ஸ்டேஷன் எழுந்தது. வண்ணார்பேட்டைச் சந்து குறுகலானது, ஆகவே அது மூச்சை இழுத்துப் பிடித்துப் பக்கவாட்டில் திரும்பி, சுவரோடு சுவர் உரசாமல் நுழைந்து, சண்முகக்கனியின் கிரைண்டருக்கு நேரே தன் படிக்கட்டு வருமாறு அமர்ந்தது. அவள் கை கழுவக்கூட நிற்காமல், ஈர மாவோடு படியேறி உள்ளே போனாள்.

"குட்டி ஆணா பொட்டையா?" என்றார் ரைட்டர்.

"சார், ஆடு இல்ல சார். எம் பிள்ள. அன்னைக்கு வந்து சொன்னேனே."

"அது வேற மனு. இப்போ வந்திருக்கது ஆட்டுக்கு. இத முடிச்சாத்தான் ஸ்டேஷன் எந்திரிக்கும். ஆணா பொட்டையா?"

இதை நாங்கள் யாரும் எதிர்பார்க்கவில்லை, பொன்னுலிங்கம் உள்பட. வாசல்வரை வந்த போலீஸுக்கு அந்த வாசலில் இருக்கிற துக்கம் தெரியவில்லை, எந்தத் துக்கத்துக்கு வந்ததோ அதுதான் தெரிந்தது. ஆட்டுக்குட்டியைத் தேடித் தனிப்படை போனது. வண்ணார்பேட்டையில் பிரியாணிக் கடைக்காரர் இரண்டு பேர் முன்னெச்சரிக்கையாகக் கடையைச் சாத்திவிட்டு மாமியார் வீட்டுக்குப் போனார்கள். வெளியூர்களிலிருந்து லாரி டிரைவர்கள் பொட்டு வைத்த குட்டிகளாகக் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போனதில் சந்தெல்லாம் ஒரே புழுக்கை. இதைவிட விசித்திரம், எங்களுக்கு அந்தக் குட்டி ஞாபகம் வரத் தொடங்கியதுதான். அது எங்கள் வீட்டு முருங்கையைக் கடித்திருக்கிறது என்றார் ஒருவர். அதற்குத் தவிடு வைத்ததாக எதிர்வீட்டு மூக்கம்மாள் டி.வி.க்காரர்களிடம் சொல்லிக் கண்ணைக் கசக்கினாள். அவள் பொய் சொல்லவில்லை, உண்மையாகவே நினைவிருந்தது. ஒரு நாள் சண்முகக்கனியே விடிகாலையில் யாரோ சேலைத் தலைப்பை இழுத்ததாக எண்ணி எழுந்து உட்கார்ந்துவிட்டு, பிறகு தன்னையே திட்டிக்கொண்டாள். இசக்கித்தாய் காணாமல் போனது தெருவுக்கே தெரியும். ஆனால் அதைப் பற்றி யாராவது பேச வாயெடுத்தால், குட்டியைப் பற்றிப் பேச்சு போய்விடும். எப்படிப் போயிற்று என்று எங்களுக்கு இன்றும் விளங்கவில்லை. அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

குட்டி கிடைத்துவிட்டது.

மாலைபோட்டு, தனுஷ்கோடியே அதைத் தூக்கிக்கொண்டு படியிறங்கி வந்தார். சந்து கொள்ளாத கூட்டம், கையெல்லாம் ஃபோன், நேரலை ஓடிக்கொண்டிருந்தது. அவர் குட்டியைச் சண்முகக்கனியின் கையில் வைத்தார். அவள் ஈரக் கையால் அதன் நெற்றியைத் தடவினாள், பொட்டு கையோடு வந்துவிட்டது. மாவு படிந்த உள்ளங்கையில் கன்னங்கரேலென்று மை. இன்ஸ்பெக்டர் அந்தக் கையைப் பார்த்தார், பிறகு கூட்டத்தைப் பார்த்தார், பிறகு உதட்டை அசைக்காமல், "சிரிம்மா. எல்லாரும் பாக்காங்க" என்றார்.

"உள்ள வாங்க சார்" என்றாள் அவள்.

உள்ளே போனார்கள். ரைட்டரும், பிளாரன்ஸ் என்கிற பெண் காவலரும் மட்டும் அங்கே இருந்தார்கள். பிற்பாடு நடந்ததையெல்லாம் எங்களுக்குச் சொன்னது பிளாரன்ஸ்தான்.

"சார், இது என் ஆடு இல்ல."

"தெரியும்மா. ஒன் ஆடு கெடைக்கல. எத்தன நாள் தேடுறது? மேல இருந்து கழுத்தப் பிடிக்காங்க. பாக்க அது மாதிரியே இருந்துச்சு, பொட்டு மட்டும் இல்ல, வச்சோம். நீயும் ஒரு ஆடு வந்துச்சுன்னு வச்சுக்கோயேன்."

"எனக்கு ஆடே கெடையாது சார்."

தனுஷ்கோடி நாற்காலியைத் தடவிப் பார்த்து உட்கார்ந்தார். குட்டி அவர் மேசைமேல் ஏறி நின்று எதையோ மென்றது. அவர் தலைசுற்றல் மாத்திரை அட்டையை எடுத்து, அதில் ஒன்றுமில்லை என்று பார்த்துக் கீழே வைத்தார்.

"அப்போ நாங்க இவ்வளவு நாளா தேடுனது?"

"இல்லாத ஆட்டத் தேடுனீங்க சார். கண்டுபிடிச்சும் குடுத்துட்டீங்க. இருக்கிற பிள்ளையத் தேடிக் குடுங்க சார்." அவள் கைகூப்பினாள், மை இரண்டு உள்ளங்கையிலும் ஒட்டியது. "நான் வெளிய போயி, இது என் ஆடுதான்னு சிரிச்சிக்கிட்டே சொல்லுதேன். ஒங்களக் கும்பிட்டுச் சொல்லுதேன். எத்தன ஃபோன் இருக்கோ அத்தனையும் பாத்துச் சொல்லுதேன். நீங்க என் மனுவ வாங்கிக்கிடுங்க. போட்டோ குடுக்கேன், ஒங்க கையில மட்டும் குடுக்கேன்."

வெளியே கூட்டம் குட்டியின் பெயரைக் கேட்டுக் கத்திக்கொண்டிருந்தது. அதற்கு ஒரு பெயர் இருப்பதாகவும் எல்லோரும் நம்பினார்கள். இன்ஸ்பெக்டர் மிரட்டலாம், பொய்ப் புகார் என்று அவள்மேலேயே கேஸ் எழுதலாம். எழுதினால் மையும் சேர்ந்துதான் வெளியே வரும். ஆனால் பயத்தினால் மட்டும் அவர் ஒப்புக்கொண்டார் என்று பிளாரன்ஸ் சொல்லவில்லை. மாவும் மையுமாக இருந்த அந்தக் கைகளை அவர் ரொம்ப நேரம் பார்த்தாராம். பிறகு ரைட்டரிடமிருந்து பேனாவை வாங்கி, எந்த லிமிட் என்று கேட்காமல், தன் கையாலேயே எழுதத் தொடங்கினாராம். ஜனங்களின் திட்டுக்குப் பதில் தட்டித் தட்டியே பழகிய விரல்கள், எழுத்து கோணல்மாணலாகத்தான் வந்ததாம்.

சண்முகக்கனி வெளியே வந்து சொன்னபடி சிரித்தாள். நாங்கள் கைதட்டினோம், விசில்கூட அடித்தோம். அவள் அப்போது எப்படிச் சிரித்தாள் என்பதை இப்போது அந்த வீடியோவில் பார்த்தால், பாதியிலேயே ஃபோனைத் திருப்பி வைத்துவிடுகிறோம். அன்றைக்குப் பார்த்தவர்களில் ஒருவருக்கும் ஒன்றும் தோன்றவில்லை.

இசக்கித்தாயின் ஃபோன் கடைசியாக உயிரோடு இருந்தது மில் பக்கத்து டவரில்தான் என்று அன்று சாயங்காலமே தெரிந்துவிட்டது. அவ்வளவு சுருக்கான வேலை அது. பஸ் ஏறியவளின் ஃபோன் பஸ்ஸோடு நகர்ந்திருக்க வேண்டும், நகரவில்லை. அடுத்த நாள் காலை தனுஷ்கோடி பிளாரன்ஸை அழைத்து, சேலை கட்டிக்கொண்டு சண்முகக்கனியோடு பஸ்ஸில் போய்ப் பார்த்துவிட்டு வரச் சொன்னார்.

"ஸ்டேஷன் வராதா சார்?" என்று பிளாரன்ஸ் கேட்டாள். ஸ்டேஷன் இல்லாமல் போய்ப் பழக்கம் விட்டுப்போயிருந்தது.

"அது ஜனம் போற எடத்துக்குத்தான் போகும். நீ போ."

அவர்கள் பஸ்ஸில் போய்க்கொண்டிருக்கும்போதே, இங்கே வேறு யாருக்கோ யாரோ ஐஸ்க்ரீமில் எறும்பைக் கொடுத்துவிட்டதாக வீடியோ வந்து, ஸ்டேஷன் எழுந்து சந்தைவிட்டுப் போய்விட்டது. குட்டியை மூக்கம்மாள் தன் வீட்டில் கட்டிக்கொண்டாள்.

மில் வாசலில் காவலாளி அதே பாடத்தைப் படித்தான். லீவு எழுதிக் கொடுத்தாள், பையோடு போனாள், கேமராவைப் பார்க்க மேனேஜர் வேண்டும், மேனேஜர் ஊரில் இல்லை. பிளாரன்ஸ் அவனோடு பேசிக்கொண்டிருந்தாள். சண்முகக்கனி காம்பவுண்டுக்கு மேலே தெரிந்த விடுதி மொட்டைமாடியைப் பார்த்தபடி நின்றாள். அங்கே கொடியில் வரிசையாகத் துணி காய்ந்தது. அதில் மகளுடைய பச்சைச் சுடிதார், முதுகில் கிழிந்த இடத்துக்குத் தன் பழைய சேலையின் பூப்போட்ட துண்டை வைத்து அவளே ஒட்டுப்போட்டுக் கொடுத்தது. அதிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"ஏட்டம்மா, ஊருக்குப் போனவ துணி எப்படி இன்னும் ஈரமா இருக்கும்?" என்றாள்.

பிளாரன்ஸ் சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, அடையாள அட்டையைக் காவலாளியின் மூக்குக்கு நேரே நீட்டினாள். அதன்பிறகு கதவு திறந்தது. அந்த மில்மேல் பிற்பாடு கேஸ் போட்டார்கள், அது எந்த லிமிட்டில் சேரும் என்று இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்களாம், அது தனிக் கதை.

மாடியறையில், வெளியே தாழ்ப்பாள் போட்ட கதவுக்குப் பின்னால் இசக்கித்தாய் இருந்தாள். வலதுகையில் பெரிய கட்டு. மெஷினில் சிக்கி இரண்டு விரல் போயிருந்தது. மில்காரர்கள் வேறு பெயர் சொல்லி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்க் கட்டுப் போட்டு, புண் ஆறுகிறவரைக்கும் வீட்டுக்குச் சொல்லக்கூடாது என்று ஃபோனைப் பிடுங்கி வைத்திருந்தார்கள். கூட இருந்த பெண்கள்தான் அவளுக்கு ஊட்டினார்கள், துணியும் துவைத்துப் போட்டார்கள். கதவு திறந்ததும் அம்மாவைப் பார்த்தாள், பின்னால் நிற்கிற பிளாரன்ஸைப் பார்த்தாள். ஓடி வரவில்லை. கட்டுப்போட்ட கையைப் பின்னால் மறைத்துக்கொண்டு, சுவரோடு போய் ஒட்டிக்கொண்டாள்.

"எம்மா, என் போட்டோவப் போட்டுட்டியா?"

"இல்லட்டி."

"பொய் சொல்லாத. எத்தன பேரு பாத்தாங்க?"

"ஒருத்தரும் பாக்கலட்டி. நான் போலீஸ்ல போயிச் சொன்னேன். போலீஸ் வந்துச்சு."

இசக்கித்தாய் அதை நம்பவில்லை. அப்படியும் நடக்குமா என்பதுபோல் பிளாரன்ஸின் முகத்தைப் பார்த்தாள். பிளாரன்ஸ் தரையைப் பார்த்துக்கொண்டே, ஆமாம் என்று தலையாட்டினாள்.